வாத்துக்கும் காடைக்கும் ஒரே துப்பாக்கி போதுமா?

தெம்பனிஸ்வாசி:
அனைவருக்கும் வணக்கம். நியூசிலாந்தின் வைக்காட்டோ வட்டாரத்தில் குடியிருக்கும் என் மைத்துனர், மே மாத முதல் சனிக்கிழமை தொடங்கும் வாத்து வேட்டைக்கு என்னை அழைத்திருக்கிறார். சிங்கப்பூரின் சுவா சூ காங் சுடுகளத்தில் 12 கேஜ் துப்பாக்கியால் களிமண் தட்டுகளைச் சுட்டுப் பழகியிருக்கிறேனே தவிர, பறவைகளைச் சுட்டதில்லை. வாத்தோடு ஃபெசன்ட் (காட்டுக்கோழி போன்ற பறவை), கலிஃபோர்னியக் காடை ஆகியவையும் அங்கே கிடைக்குமாம். அவரிடம் 12, 20 கேஜ் துப்பாக்கிகளும் ஒரு .410 துப்பாக்கியும் (குழலின் விட்டம் 0.41 அங்குலம்) இருக்கின்றன. உதைப்பு குறைவு என்பதால் .410 போதுமா, அல்லது பறவைக்குப் பறவை மாற்ற வேண்டுமா?

பழைய வேட்டைக்காரன்:
.410 வேண்டாம், தம்பி. ஒரு பவுண்டு ஈயத்தை எத்தனை சம உருண்டைகளாக்கினால் ஓர் உருண்டை குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ, அந்த எண்ணிக்கையே கேஜ். அதனால்தான் 12 கேஜின் குழல் ஏறக்குறைய 18.5 மி.மீ., 20 கேஜின் குழல் 15.6 மி.மீ. எந்தக் குழலிலிருந்து கிளம்பினாலும் குண்டுகளின் வேகம் பெரிதாக மாறுவதில்லை. ஒரு தோட்டாவில் எத்தனை குண்டுகள் அடங்கும் என்பதுதான் மாறுகிறது. .410 தோட்டாவில் பெரும்பாலும் 14 முதல் 19 கிராம் வரைதான் இருக்கும் என்பதால், சற்றுத் தொலைவு போனதும் குண்டுகளுக்கிடையே பறவை நுழைந்துபோகும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும். காயத்தோடு பறந்து புதரில் விழும் பறவையைத் தேடுவதைப் போன்ற வேதனை வேட்டையில் வேறில்லை. உதைப்புக் குறைவு என்று புதியவர் கையில் அதைக் கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

வாத்துக்கு 12 கேஜ்தான். நீர்நிலைகளில் விழும் ஈயக் குண்டுகளை வாத்துகள் விழுங்கி நஞ்சேறிச் சாவதால், அங்கே ஈயமில்லாத குண்டையே, பெரும்பாலும் எஃகுக் குண்டையே, பயன்படுத்த வேண்டும். ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகின் அடர்த்தி 7.8, ஆகவே ஈயத்தில் 5ஆம் எண் போதுமான இடத்தில் எஃகில் 3ஆம் எண்ணுக்குப் போக வேண்டும் (எண் குறையக் குறைய குண்டு பெரிதாகும்). பெரிய குண்டு அதிக இடத்தை அடைப்பதால், சிறிய குழலில் எண்ணிக்கை மேலும் குறைகிறது. 32 கிராம் தோட்டாவை எடுத்துக்கொண்டு, 35 மீட்டருக்கு அப்பால் போகும் வாத்தை விட்டுவிடுங்கள்.

ஃபெசன்ட்டுக்கு 12, 20 இரண்டும் சரி; ஈயத்தில் 5 அல்லது 6ஆம் எண். காடைக்கு 20 கேஜில் 24 கிராம், 7½ஆம் எண் போதும். காலடியிலிருந்து படபடவென்று எழும்பும் அந்தச் சிறு பறவையைக் கனமான வாத்துத் தோட்டாவால் அருகில் வைத்துச் சுட்டால் சட்டிக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஈசூன் வாசகி:
உரிமம் இல்லாதவர் அங்கே துப்பாக்கியைத் தொடுவதாக இருந்தால், உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே இருந்து மேற்பார்வையிட வேண்டும். பறவை வேட்டைக்கான அனுமதிச்சீட்டு தனி. திரும்பும்போது, நினைவாக இருக்கட்டும் என்று வெற்றுத் தோட்டாவைக்கூடப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். சாங்கி விமான நிலையத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும்.

பழைய வேட்டைக்காரன்:
அம்மா சொல்வது சரி. உதைப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள்: அது கேஜை மட்டும் பொறுத்ததன்று. எடை குறைந்த 20 கேஜில் கனமான தோட்டாவைப் போட்டால், எடை மிகுந்த 12 கேஜில் 24 கிராம் போட்டுச் சுடுவதைவிடத் தோளில் பலமாகவே இடிக்கும். எஃகுக் குண்டுக்குக் குழல் முனையில் முழுச் சோக் (குண்டுகள் அதிகம் சிதறாமலிருக்க முனையைக் குறுக்கும் அமைப்பு) வேண்டாம், அரைச் சோக்கே போதும்.

இரண்டு துப்பாக்கிகளையும் ஒரே நாளில் எடுத்துச் செல்வதாக இருந்தால், ஒன்றின் தோட்டாக்களை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போங்கள். 12 கேஜ் குழலில் தவறிப்போய் விழும் 20 கேஜ் தோட்டா உள்ளே வழுக்கிச் சென்று, தோட்டா வைக்கும் அறைக்குச் சற்று அப்பால் சிக்கிக்கொள்ளும். குழல் காலி என்று நினைத்து அதன் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முன்னால் உள்ள கை குழலைப் பிடித்திருக்கும் இடத்தருகே குழல் வெடிக்கும். 20 கேஜ் தோட்டாக்களை மஞ்சள் நிறத்தில் செய்யும் வழக்கம் இதற்காகத்தான். ஆயினும் விடியற்காலை இருட்டில் நிறம் தெரியாது, சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக் காலி செய்துவிடுங்கள்.