அகமதாபாத்தில் இரண்டு நாள் லீவு, எங்கே போகலாம்?

எல்லோருக்கும் வணக்கம். வேலை விஷயமாக அகமதாபாத் வந்து பத்து நாளாகிறது. ரூமும் ஆபீஸும் தவிர எதையும் பார்க்கவில்லை. இந்தச் சனி, ஞாயிறு முழுவதும் ஓய்வு. நவரங்க்புராவில் தங்கியிருக்கிறேன், தனியாகத்தான் சுற்றப் போகிறேன்.

நேற்று மாலை வழி தவறிப் பழைய நகரத்தின் ஒரு 'போல்' (நெருக்கமான வீடுகள் கொண்ட பழைய குடியிருப்பு) சந்துக்குள் போய்விட்டேன். நடுவில் ஒரு தூண், அதன் உச்சியில் செதுக்கு வேலை செய்த மரக்கூண்டு. பறவைகளுக்குத் தீனி வைப்பதற்காகவே கட்டியதாம், 'சபூத்ரோ' என்கிறார்கள். புறாக்களும் கிளிகளும் மாறி மாறி வந்ததைப் பார்த்து அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். அந்தச் சந்துகளை ஒழுங்காக நடந்து பார்க்க வேண்டும். காலையில் காலுப்பூர் சுவாமிநாராயண் கோயிலிலிருந்து கிளம்பும் ஹெரிடேஜ் வாக்கில் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? முன்பதிவு அவசியமா?

சபர்மதி ஆசிரமம் கண்டிப்பாக உண்டு. 1930-இல் தண்டி யாத்திரை புறப்பட்ட இடம், அதை அவசரமாகப் பார்க்க மனமில்லை.

குழப்பம் ஞாயிறு பற்றித்தான். 1499-இல் கட்டிய அடாலஜ் படிக்கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. மொதேரா சூரியன் கோயிலும் பாடணில் உள்ள ராணி கி வாவ் படிக்கிணறும் தூரம். அவை இரண்டையும் பஸ்ஸிலேயே ஒரே நாளில் பார்த்துத் திரும்ப முடியுமா, இல்லை டாக்சிதான் வழியா?

அப்புறம், ராத்திரி மானெக் சௌக் சாப்பாட்டுக் கடைகளில் எதைத் தவறவிடக் கூடாது? காரம் அதிகமானாலும் பரவாயில்லை. இந்தி சுமாராகத்தான் வரும், ஆட்டோவில் எவ்வளவு கேட்பார்கள் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.