விண்டோஸ் 10-ல் இருந்து 11-க்கு ஏறியவர்களே, என்ன ஆயிற்று?

திருவல்லிக்கேணி:

எனக்குச் சின்ன டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, பில் புக், கோவில் திருவிழா நோட்டீஸ். இரண்டு கம்ப்யூட்டர். விண்டோஸ் 10-க்கு இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றபோது தீபாவளிக்கு ஆறே நாள். கடையில் நிற்க இடமில்லை, எதையும் தொடவில்லை. மார்கழியில் கல்யாணம் கிடையாது, ஈ ஓட்டிக்கொண்டிருப்போம். அப்போதுதான் உட்கார்ந்தேன்.

ஒன்று இன்டெல் பத்தாம் தலைமுறை பிராசசர். சோதித்துப் பார்த்தால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை, 11 போட முடியாது என்று வந்தது. கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரு கடையில் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று விலையும் சொன்னார்கள். மனசு ஒப்பாமல் திரும்பி வந்து, விண்டோஸ் ஏறும் முன்பே வரும் அடிப்படை செட்டிங்கான பயாஸைக் குடைந்தால், பிடிடி என்ற பெயரில் அந்த டிபிஎம் உள்ளேயே இருக்கிறது, யாரோ அணைத்து வைத்திருக்கிறார்கள். இயக்கினேன், ஏறிவிட்டது. பைசா செலவில்லை. ஏஎம்டி வைத்திருப்பவர்கள் எஃப்டிபிஎம் என்று தேடுங்கள்.

பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கரும் பாமினி என்ற பழைய தமிழ் ஃபான்ட்டும் அப்படியே வேலை செய்கின்றன. ஸ்டார்ட் பட்டன் நடுவில் உட்கார்ந்துகொண்டதில் கடைப் பையனுக்கு இரண்டு நாள் கோபம். செட்டிங்ஸில் அதை இடது பக்கம் தள்ளியதும் சமாதானம் ஆனான்.

இன்னொன்று ஏழாம் தலைமுறை ஐ5. 16 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, குதிரை மாதிரி ஓடுகிறது. ஆனால் இன்டெலில் எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்றுக்கொள்வார்களாம். அதை என்ன செய்வது? பட்டவர்கள் சொல்லுங்கள்.

சௌகார்பேட்டை:

தம்பி, எங்கள் கதை வேறு. மொத்த வியாபாரப் பாத்திரக் கடையில் கணக்கு பார்க்கிறேன். பில் போடுவது, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து ஃபாக்ஸ்ப்ரோ புரோகிராம். 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது எழுதியவரே வந்து திருத்திக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. விண்டோஸ் 10-ல் 32 பிட் பதிப்பு இருந்ததால் இத்தனை நாள் ஓடியது. 11-ல் 32 பிட்டே கிடையாது, அந்தக் காலத்து 16 பிட் புரோகிராமை அது திறக்கவே திறக்காது.

இதெல்லாம் புது மெஷின் வாங்கி வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதலாளி பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் போட்டு புரோகிராமைத் திறந்தாயிற்று, பழைய பாக்கியெல்லாம் அழகாக வருகிறது. பில் மட்டும் அச்சாகவில்லை. எங்கள் டாட் மேட்ரிக்ஸ் பழைய பேரலல் போர்ட் வகை. புது மெஷினில் அந்த ஓட்டையே இல்லை. யுஎஸ்பி மாற்றி வாங்கிப் போட்டால் பாதி பில்லில் நின்றுவிடும். மூன்று நாள் கையால் பில் எழுதினோம். சரக்கு ஏற்ற வந்த ஆட்கள் சிரித்தார்கள்.

கடைசியில் பழைய மெஷினையே மேசைக்குக் கொண்டுவந்து நெட் வயரைப் பிடுங்கிவிட்டேன். அது பில்லுக்கு மட்டும். டாலி, பேங்க், மெயில் எல்லாம் புதியதில். முதலாளி ஒரு மாதம் கழித்து, "ஓடுகிற வண்டியை ஏன் நிறுத்தினாய்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மந்தைவெளி:

பணி ஓய்வு பெற்றவன். நீங்கள் சொன்ன அதே பயாஸ் வேலையை நானும் என் லேப்டாப்பில் செய்தேன், வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது. திரும்ப ஆன் செய்தால் நீல நிறத் திரை, டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் 48 இலக்க எண் கேட்டது. எனக்கு அப்படி ஒரு எண் இருப்பதே தெரியாது. அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும் என்றார்கள். கணக்கு மகன் பெயரில், மகன் அமெரிக்காவில், அங்கே நள்ளிரவு. விடியும்வரை காத்திருந்து, அவன் போனில் ஆறு ஆறு இலக்கமாகச் சொல்ல, நான் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து அடித்தேன். பயாஸைத் தொடும் முன்பே அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள் சார். நான் இப்போது பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.

தி.நகர்:

ஆடிட்டர் ஆபீஸ். எங்களுக்கு வந்த ஒரே பிரச்சினை டிஜிட்டல் கையெழுத்து டோக்கன். ஏறிய பிறகு டோக்கனைச் செருகினால் அடையாளமே தெரியவில்லை, புது டிரைவர் போட்டதும் சரியானது. ஆனால் நாங்கள் இதைச் செய்த நாள் 19-ஆம் தேதி. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

பெரம்பூர்:

விதியைத் தாண்டி ஏழாம் தலைமுறையிலும் 11 போட வழி இருக்கிறது, நான் போட்டிருக்கிறேன். வேகத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வரவில்லை, ஒவ்வொரு முறையும் பென் டிரைவில் எடுத்து நானே ஏற்றுகிறேன். வீட்டு மெஷினுக்கு ஓகே. பிழைப்பு நடத்தும் மெஷினில் நான் செய்ய மாட்டேன்.

இன்னொன்று. ஏறிய பத்து நாளுக்குள் பிடிக்காவிட்டால் பழைய 10-க்கே திரும்பலாம். எனக்குத் திரும்ப ஆசை வந்தது ஐந்தாம் நாள். ஆனால் இடம் போதவில்லை என்று மூன்றாம் நாளே விண்டோஸ் ஓல்டு என்ற ஃபோல்டரைத் துடைத்திருந்தேன். திரும்பும் வழி அதற்குள்தான் இருந்ததாம்.

குரோம்பேட்டை:

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போடலாம் என்று யாரும் சொல்லவில்லையே என்று பார்க்கிறேன். தங்கைக்குக் கிடைத்த அரசு இலவச லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்தது. மத்திய அரசின் கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான நம் சென்னை சிடாக்கில் உருவானது. அதை அழித்துவிட்டு விண்டோஸ் போடுவதுதான் அன்றைக்கு எங்கள் தெருவில் முதல் வேலை! இப்போது அதே நான், ஆறாம் தலைமுறை மெஷினில் லினக்ஸ் மின்ட் வைத்திருக்கிறேன். தமிழ்99 தட்டச்சு, பிரவுசர், பிரின்டர் எல்லாம் சரி. ஆனால் அண்ணா, உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பேஜ்மேக்கரை நம்பி இருப்பவருக்கு இது தலைவலி.

உங்கள் ஏழாம் தலைமுறைக்கு இன்னொரு வழி: விண்டோஸ் 10-க்கே நீட்டித்த பாதுகாப்பு அப்டேட். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து செட்டிங்ஸ் பேக்கப்பை இயக்கினால் இலவசம், பேக்கப் வேண்டாம் என்றால் 30 டாலர். 2026 அக்டோபர் 13 வரை வரும். அப்டேட்டே இல்லாமல் நெட்டில் வைத்திருக்காதீர்கள். 2017 மே மாதம், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது. போடாதவர்கள்தான் மாட்டினார்கள்.

திருவல்லிக்கேணி:

எல்லோருக்கும் நன்றி. முதல் வேலையாக அந்த 48 இலக்கத்தைத் தேடினேன், என் மெஷின்களில் பிட்லாக்கரே இல்லை, தப்பித்தேன். பழையதற்கு நீட்டிப்பு வாங்கிவிட்டேன், ஐந்து நிமிட வேலை. அந்த அக்டோபர் 13 புரட்டாசியில் வருகிறது. அப்போதும் பத்திரிகை வேலை குறைவுதான், அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறேன்.

சௌகார்பேட்டை அண்ணா, உங்கள் டாட் மேட்ரிக்ஸுக்கு ரிப்பன் எங்கே வாங்குகிறீர்கள்? என்னிடமும் ஒன்று தூங்குகிறது.