கெல்லி கோட்டையில் அப்பா தடவிப் பார்த்த சுவர்

மலேசியாவில் ஈப்போ பக்கத்துப் பத்து காஜா ஊரில் இருக்கும் கெல்லி கோட்டை என்றாலே பேய்க் கதைதான் முதலில் வரும். நான் மூன்று முறை போயிருக்கிறேன். ஒரு முறை சாயங்காலம் மூடுகிற நேரம் வரைக்கும் இருந்தேன். பேய் எதுவும் கண்ணில் படவில்லை. கடைசி முறை அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான் அந்தக் கட்டடத்தையே ஒழுங்காகப் பார்த்தேன்.

அப்பா ஈப்போவில் நாற்பது வருஷம் கொத்தனார் வேலை பார்த்தவர். மாடிக்குப் போகலாம் என்று நான் இழுக்க, அவர் கீழ் வராந்தாவை விட்டு நகரவில்லை. பூச்சு உதிர்ந்து செங்கல் தெரிகிற இடமாகத் தேடிப்போய் விரலால் தடவினார். ஒரு வளைவைக் காட்டி, "அடியில பலகையால அச்சுக் கட்டி, ரெண்டு பக்கமும் சமமா செங்கல் ஏத்திக்கிட்டு வரணும்மா. நடுச்செங்கல் இறுகின பிறகுதான் அச்சைப் பிரிக்கலாம். அவசரப்பட்டா மொத்தமும் தலையில்தான்" என்றார். பிறகு ஒரு கண்ணை மூடிக்கொண்டு வரிசை முழுவதையும் பார்த்தார். "தூக்குக்குண்டு விட்டுப் பார்த்த வேலை. பிசகே இல்லை."

கட்டியவர் வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர். 1890இல் இருபது வயதில் மலாயா வந்து, பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில் செழித்தவர். முதலில் கட்டிய வீடு போதாமல் 1915இல் இதைத் தொடங்கினார். பழைய காலத்துப் பாணிகளைப் புது வீட்டுக்குக் கொண்டுவருவது அன்றைக்குப் பணக்காரர்களின் ஆசை. இங்கே மூர் பாணி (வட ஆப்பிரிக்க, ஸ்பெயின் முஸ்லிம்களின் கட்டடப் பாணி) வளைவுகளும் கோட்டைக் கோபுரமும் ஒன்றாக நிற்கின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தைப் பார்த்தவர்களுக்கு இந்திய, இஸ்லாமியப் பாணிகள் கலந்த இந்தோ-சாரசனிக் சாயலும் பிடிபடும். ஆறு மாடிக் கோபுரத்தில் லிஃப்டுக்கு விட்ட இடம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. 1926இல் ஸ்மித் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்துபோனார், வேலை அப்படியே நின்றுவிட்டது.

செங்கல், சலவைக்கல் எல்லாம் இந்தியாவிலிருந்து வந்தவை; வேலை செய்த ஆட்களும் சென்னைப் பக்கமிருந்து கப்பலில் வந்தவர்கள். பாதி வேலையில் ஸ்பானிஷ் காய்ச்சல் என்ற கொள்ளைநோய் பரவிப் பலர் மாண்டார்கள். மாரியம்மனுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று மற்றவர்கள் கேட்க, ஸ்மித்தும் சம்மதித்தார். கோட்டைக்குப் போகிற பலர் பக்கத்திலேயே இருக்கும் அந்தக் கோயிலை எட்டிப் பார்க்காமல் திரும்பிவிடுகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம். தயவுசெய்து அங்கேயும் போங்கள்.

கோயில் கூரையில் சாமி சிலைகளோடு கோட்டும் தொப்பியுமாக ஸ்மித்தும் நிற்கிறார். கோயில் கட்ட உதவியதற்காகத் தொழிலாளர்கள் வைத்த சிலை. அப்பா கைகூப்பிக் கும்பிட்டுவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "பக்கத்துல ஒரு கொத்தனாரையும் நிக்க வச்சிருக்கலாம்" என்று மெதுவாகச் சொன்னார்.

அந்த ஆட்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. உங்கள் பாட்டன், பூட்டன் யாராவது அங்கே கரணை பிடித்திருந்தால், எந்த ஊரிலிருந்து வந்தார் என்றாவது சொல்லுங்கள். அப்பாவிடம் படித்துக் காட்டுகிறேன்.