பந்தியில் பக்கத்தில் யார்? அன்பின் விருந்தைப் பற்றிய அனுபவப் பகிர்வு

கோபிசெட்டிபாளையம் வட்டாரத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

சபைகளில் ஆராதனைக்குப்பின் எல்லாரும் கூடி உண்ணும் அன்பின் விருந்தைப் பற்றி இந்தப் பகிர்வில் எனக்கு முன் எழுதியவர்கள் பலரும், எவ்வளவு பேருக்கு உணவு கொடுத்தோம் என்பதைச் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்கள். அந்த மகிழ்ச்சி நியாயமானதே. பசித்தவருக்குச் சோறு போடுவதை நான் ஒருநாளும் குறைத்துப் பேசமாட்டேன். ஆயினும் சோறு போடுவது வேறு, சேர்ந்து உட்கார்ந்து உண்பது வேறு. ஆண்டவர் இயேசு ஆயக்காரரோடும் (வரி வசூலிப்பவரோடும்) பாவிகளோடும் ஒரே பந்தியில் அமர்ந்தார் என்பதற்காகத்தான் பரிசேயர் முறுமுறுத்தார்கள். அவர்களுக்கு அவர் உணவு கொடுத்து அனுப்பியிருந்தால் ஒருவேளை பாராட்டியே இருப்பார்கள். இந்த வேறுபாட்டை எங்கள் கிராமத்துச் சபையில் கண்ணால் கண்டவள் என்பதால் எழுதுகிறேன்.

தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நெல்லும் மஞ்சளும் விளையும் ஊர் எங்களுடையது. ஊருக்குள்ளிருந்து வரும் சில குடும்பங்களும், சாதியால் விலக்கிவைக்கப்பட்டவர்கள் வாழும் காலனியிலிருந்து வரும் பல குடும்பங்களும் சேர்ந்ததுதான் சபை. அறுப்பின் பண்டிகையன்று நெற்கதிர், மஞ்சள் குலை, தேங்காய், சேவற்கோழி என்று அவரவர் கொண்டுவந்த காணிக்கைப் பொருள்களை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். அதன்பின் ஆலயத்தின் தென்புறத்துக் கொட்டகையில் பந்தி நடக்கும். பந்திக்கான அரிசி பிடியரிசியாகச் சேர்வது. சபைப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம், அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஆண்டவருக்கென்று தனிப் பாத்திரத்தில் போட்டுவைப்பார்கள். தமிழ்நாட்டுச் சபைகள் பலவற்றில் நெடுங்காலமாக இருந்துவரும் இந்த வழக்கத்தில் எனக்குப் பிடித்தது, கொடுப்பவர் யார் என்பது அரிசியில் தெரியாமல் போவதுதான். சமைப்பவருக்கு மட்டும் அது தெரிந்துவிடும். ரேஷன் கடை மோட்டா அரிசியும் பொன்னியும் ஒரே உலையில் ஒரே நேரத்தில் வேகாது. ஆகவே எங்கள் சமையலுக்குத் தலைமை தாங்கும் காலனிப் பெண்மணி, பைகளை ஒன்றாகக் கொட்டவிடாமல் ஒவ்வொன்றிலும் கைவிட்டுப் பார்த்துப் பிரித்து, மோட்டா அரிசியை முதலில் போட்டு, அது ஒரு கொதி கண்டபின்தான் பொன்னியைச் சேர்ப்பார். பருப்பும் சின்ன வெங்காயமும் தேங்காயெண்ணெயில் தாளித்துக் கொட்டியபின் அந்த அரிசிம்பருப்புச் சாதத்தில் எந்த அரிசி எவருடையது என்று எவராலும் சொல்ல முடியாது.

இவ்வளவு நேர்த்தியாகச் சமைத்த விருந்துக்குத்தான் ஊருக்குள் சில வீடுகளிலிருந்து தூக்குப்போசி (தூக்குவாளி) வரும். “வீட்டில் வயதானவர்கள் இருக்காங்க, ஊத்திக் குடுத்துருங்க” என்று சாதத்தையும் கொள்ளு ரசத்தையும் கோழிக் குழம்பையும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எவரும் எதையும் எதிர்த்துப் பேசியதில்லை. ஒருமணி நேரத்துக்கு முன்புதான் அவர்களும் நாங்களும் ஒரே பீடத்தின்முன் முழங்காலில் நின்று, திருவிருந்தின் ஒரே அப்பத்திலும் ஒரே பாத்திரத்திலும் பங்குபெற்றிருப்போம். பீடத்தின்முன் கூடிநிற்க முடிந்தவர்களுக்குப் பந்தியில் கூடி உட்கார ஏன் முடியவில்லை என்ற கேள்வி எல்லார் மனத்திலும் இருந்தும், கேட்பார் இல்லை.

புதிதாக வந்த ஆயர் இதைப் பிரசங்கத்தில் தொடவில்லை. வாராந்தர வேதபாடத்தில் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். அந்தியோகியாவில் புறஜாதியாரோடு, அதாவது யூதரல்லாதவரோடு, சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டதையும், பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக முகமுகமாய் எதிர்த்ததையும் வரிவரியாக வாசிக்க வைத்தார். அப்போஸ்தலர்களுக்கிடையிலேயே மூண்ட அந்தப் பிணக்கு, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது என்பதைப் பற்றியது. அதைத் தொடர்ந்து நம் நாட்டுக் கதைக்கு வந்தார். 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகளில் சாதி வேற்றுமை அறவே ஒழியவேண்டும் என்று கடிதம் அனுப்பியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். 1840-களில் மதுரைப் பகுதியில் இருந்த அமெரிக்க மிஷனரிகள், சாதியை விட்டுவிட்டேன் என்று ஒருவர் வாயால் சொல்வதை ஏற்காமல், எல்லாரும் கூடி உண்ணும் அன்பின் விருந்தில் கலந்துகொள்வதையே அதற்குச் சான்றாகக் கேட்டார்கள். லண்டன் மிஷனரிச் சங்கம் கோயம்புத்தூரில் பணியைத் தொடங்கியது 1830-இல் என்பதால், எங்கள் பகுதிச் சபைகள் பிறந்த காலமும் இந்தச் சச்சரவு நடந்த காலமும் ஒன்றே என்று அவர் சொன்னபோது வகுப்பில் நெடுநேரம் எவரும் பேசவில்லை.

அந்த ஆண்டு சபைக் கமிட்டி ஒரு முடிவெடுத்தது. வீட்டுக்கு உணவு போவது படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு மட்டுமே. அதையும் ஊரிலிருந்து ஒருவரும் காலனியிலிருந்து ஒருவரும் சேர்ந்து எடுத்துச்சென்று, அந்த வீட்டிலேயே அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வரவேண்டும். மற்றவர்கள் ஆலயத்தை விட்டு வெளியே வரும் வரிசையிலேயே பந்தியில் அமரவேண்டும். இடம் பிடித்துவைக்கக் கூடாது.

அந்த வரிசையில் எனக்கு எதிரே, நாங்கள் ஆத்தா என்று அழைக்கும் முதியவரும், அவருடைய தோட்டத்தில் மஞ்சள் வெட்டப்போகும் பெண்ணும் அடுத்தடுத்து அமர நேர்ந்தது. தோட்டத்தில் அந்தப் பெண் தனியே, தான் கொண்டுவந்த பாத்திரத்தில் உண்பதை ஆண்டுக்கணக்காகப் பார்த்தவர் ஆத்தா. அவர்தான் எழுந்துவிடுவார் என்று நான் அஞ்சினேன். எழவில்லை. இலையில் கை வைக்க முடியாமல் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தது அந்தப் பெண்தான். ஆத்தா இரண்டு வாய் உண்டபின் திரும்பிப் பார்த்து, “சோறு ஆறுது, தின்னு கண்ணு” என்றார். ஒப்புட்டு (போளி) வந்தபோது தமக்கு வைத்தவரிடம், “இந்தப் புள்ளைக்கும் நெய் ஊத்துங்க” என்று சொன்னார். “பக்கத்துல உக்காந்து திங்கறதுக்கு எனக்குத்தான் கை வரலீங்கக்கா” என்று அந்தப் பெண் பிறகு என்னிடம் சொன்னாள். கூச்சம் முழுவதும் விலக்கிவைப்பவரிடம் இருக்கும் என்றே எண்ணியிருந்தோம். தலைமுறை தலைமுறையாக விலக்கிவைக்கப்பட்டவரின் கையையும் அது கட்டிப்போட்டிருக்கிறது என்பதை எங்களில் எவரும் யோசித்திருக்கவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில குடும்பங்கள் இன்றும் ஆசீர்வாதம் முடிந்தவுடன் சாப்பிடாமலே வீட்டுக்குப் போய்விடுகின்றன. காகிதக் கோப்பை வந்தபின் எங்கள் பக்கத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளை போய்விட்டது என்கிறார்கள். ஆனால் பெஞ்சில் யார் உட்காருகிறார், யார் வெளியே நின்று குடிக்கிறார் என்று பார்த்தால் நிலைமை விளங்கும். அந்தக் கடைவீதி ஆலயக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது.

திருப்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

மேலே சகோதரி எழுதியதை வாசித்தபின், எங்கள் சபையில் நடந்ததையும் சொல்லத் தோன்றியது. எங்கள் சபையில் பாதிப் பேர் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து பனியன் தொழிலுக்காக வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். அவர்கள் ஊரில் அசனம் என்றால், சபையார் அனைவரும் பொருளும் உழைப்பும் கொடுத்து, பெரிய கொப்பரைகளில் சமைத்து, ஏழை பணக்காரர் பேதமின்றி வரிசையாக அமர்ந்து உண்ணும் விருந்து. அதை இங்கேயும் விடாமல் நடத்திவருகிறார்கள்.

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்து கம்பெனிகள் மூடப்பட்டபோது, வடமாநிலத் தொழிலாளர்கள் தங்கியிருந்த லைன் வீடுகளுக்கு அசனக் கொப்பரையில் சமைத்த சாம்பார் சாதம் பொட்டலமாகப் போயிற்று. அது அவசியமான உதவி. அன்று வேறு வழியும் இல்லை. ஆனால் பொட்டலத்தை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பியதால், அவர்கள் யார், எந்த ஊர், என்ன நம்பிக்கை என்று எதையும் நாங்கள் அறிந்துகொள்ளவில்லை.

ஊரடங்கெல்லாம் முடிந்தபின் வந்த ஒரு கிறிஸ்துமஸின்போது, அவர்களை ஆலயத்துக்கு அழைத்தோம். ஜார்க்கண்டிலிருந்து வந்த சில இளைஞர்கள், தாங்கள் தலைமுறைக் கிறிஸ்தவர்கள் என்று சொன்னபோது எங்கள் மூப்பர்களே வியந்துபோனார்கள். ஜெர்மனியிலிருந்து கோஸ்னர் மிஷனரிகள் ராஞ்சிக்கு வந்தது 1845-இல். அங்குள்ள முண்டா, ஓராவோன் மக்களிடையே வேரூன்றிய அந்தச் சபையின் பிள்ளைகள், இங்கே எங்கள் ஆலயத்துக்கு இரண்டு தெரு தள்ளித் தங்கியிருந்துகொண்டு, மொழி தெரியாத தயக்கத்தால் வாசல் ஏறாமல் இருந்திருக்கிறார்கள்.

அவ்வாண்டு விருந்தில் ஒரு பண்டம் அவர்கள் கையால் ஆகட்டும் என்று மூப்பர் ஒருவர் சொன்னார். ஊறவைத்து இடித்த அரிசிமாவையும் வெல்லப்பாகையும் அவர்கள் பிசையத் தொடங்கியபோதே எங்கள் பெண்கள் அருகில் போய்விட்டார்கள். எண்ணெயில் விழுந்து உப்பிவந்ததைப் பார்த்து, “அட, இது நம்ம அதிரசமுங்க!” என்று ஒரு அக்கா சொல்ல, அவர்கள் அதை அர்சா என்றார்கள், அவர்கள் ஊரில் கிறிஸ்துமஸ் என்றாலே அதுதானாம். பாகு பதம் முறுகிவிடும் என்று அக்கா அடுப்பைத் தணிக்க, அந்தப் பையன் வேண்டாம் என்று சைகை காட்ட, அரைமணி நேரம் இருவரும் ஆளுக்கொரு மொழியில் பேசிக்கொண்டே சுட்டார்கள். அன்று பந்தியில் அவர்கள் விருந்தாளிகளாக உட்காரவில்லை. இலை போட்டுப் பரிமாறிவிட்டு, கடைசிப் பந்தியில் எங்களோடு அமர்ந்தார்கள். பொட்டலம் கொடுத்த மாதங்களில் அறியாத அவர்கள் பெயர்களையெல்லாம் அந்த ஒரே மாலையில் கற்றுக்கொண்டோம்.

பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஓர் உறுப்பினர்:

இருவரும் நாம் அழைக்கும் விருந்துகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். சுவிசேஷங்களில் ஆண்டவர் பெரும்பாலும் பிறர் வீட்டில் விருந்தாளியாகவே உட்காருகிறார் என்பதையும் நினைக்கவேண்டும். சகேயு வீட்டிலும், மார்த்தாள் வீட்டிலும், பரிசேயனான சீமோன் வீட்டிலும் அவர்கள் வைத்ததை உண்டார்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த தோட்டத்துச் சாளையில் மாட்டுப் பொங்கல் நோம்பி சிறப்பாக நடக்கும். பட்டியில் பொங்கல் வைத்து, மாடுகளுக்கு ஊட்டியபின், அந்த வீட்டு அப்புச்சி எங்களையும் கூப்பிடுவார். விசுவாசிகள் போகலாமா என்று எங்கள் ஜெபக்குழுவில் நீண்ட விவாதம் எழுந்தது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 10-ஆம் அதிகாரத்தில், ஒருவர் விருந்துக்கு அழைத்து, நமக்கும் போக மனதிருந்தால், முன்வைக்கப்பட்டதை ஒன்றும் விசாரியாமல் புசிக்கச் சொல்கிறார். இது விக்கிரகத்துக்குப் படைக்கப்பட்டது என்று எவரேனும் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சிக்காகத் தவிர்க்கவும் சொல்கிறார். இரண்டையும் அப்புச்சியிடமே மறைக்காமல் சொன்னேன். அவர் சிறிதும் வருந்தவில்லை. “சாமிக்கு வெக்கறது தனிங்க கண்ணு, உங்களுக்கு வூட்டு அடுப்புல ஆக்கறது தனி; வந்து உக்காருங்க” என்றார். அன்றுமுதல் அந்த வீட்டில் அவரோடு பச்சைப்புளி ரசம் ஊற்றி உண்கிறோம். கிறிஸ்துமஸன்று அவர் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வருகிறார். கேக்குப் பெட்டியைக் கொடுத்தனுப்புவதோடு நிறுத்திக்கொண்டிருந்தால், எங்கள் நம்பிக்கையைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளை ஒருநாளும் கேட்டிருக்கமாட்டார்.

கோபி சகோதரியிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். வரிசைப்படி உட்காரச் சொன்னபோது கட்டாயப்படுத்துவதாக எவரும் குறைப்படவில்லையா? எங்கள் சபையிலும் இதைக் கொண்டுவர நினைக்கிறோம்.

கோபிசெட்டிபாளையம் உறுப்பினரின் மறுமொழி:

குறைப்பட்டார்கள் சகோதரரே. எவரையும் கையைப் பிடித்து உட்காரவைக்கவில்லை. உண்ணாமல் போகிறவரை வழிமறித்ததும் இல்லை. ஆயரும் அவர் துணைவியாரும் முதலில் வெளியே வந்து அமர்ந்துவிடுவார்கள். அதன்பின் தயங்குகிறவருக்கு ஆயர் பக்கத்து இலையைத் தாண்டிப்போவது சங்கடமாகிவிடும். பரிமாறுவதிலும் ஒரு பந்திக்கு ஊர்க்காரர், அடுத்த பந்திக்குக் காலனிக்காரர் என்று மாற்றிக்கொள்கிறோம். சமையலையும் அப்படியே மாற்றவேண்டும் என்று கமிட்டியில் பேசியிருக்கிறோம். அரிசியைப் பிரிக்கக் கற்றுக்கொள்ள ஊருக்குள்ளிருந்து மூன்று பெண்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நீங்கள் தொடங்குவதற்குமுன் வேதபாடத்தை நடத்திவிடுங்கள். எங்களுக்கு அதற்கே ஈஸ்டருக்கு முந்தைய லெந்துகாலம் (நோன்புக்காலம்) முழுவதும் பிடித்தது.