1940-கள் பாணி செவ்வாய்க் குடியேற்றக் கதை: சுவரில் துளை விழுந்தால் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

வால்வுரேடியோ:
பழைய பல்ப் இதழ்களின் (மலிவுத் தாளில் வந்த கதை இதழ்கள்) விண்வெளிச் சாகசப் பாணியில் 12,000 சொல்லில் ஒரு குறுநாவல் எழுதுகிறேன். செவ்வாயில் 40 குடியேறிகள். நாலு பேர் தூங்கும் குடில் ஒன்றின் சுவரை விண்கல் துளைக்கிறது. குடில் 100 கன மீட்டர், உள்ளே பூமியின் காற்றழுத்தம், துளை 1 சதுர செ.மீ. ஐந்தே நொடியில் குடில் வெடித்து எல்லோரும் சாவதாக எழுதியிருக்கிறேன். அதோடு காட்சியும் செத்துவிடுகிறது. இதைச் சரிசெய்ய வழி உண்டா? வெளியே முகமூடி மட்டும் போட்டு நடக்கலாமா என்பதும் சந்தேகம்.

அழுத்தமானி:
ஐந்து நொடி இல்லை, ஏறக்குறைய ஒரு மணி நேரம் இருக்கிறது. அவ்வளவு சின்னத் துளை வழியே நொடிக்குச் சுமார் 20 லிட்டர்தான் வெளியேறும். முதல் மணி நேரத்தில் அழுத்தம் பாதியாகும், அடுத்த மணி நேரத்தில் அதிலும் பாதி. பாதி என்றால் 5,500 மீட்டர் உயர மலையில் நிற்பது போல. ஆள் மயங்க மாட்டான், ஆனால் கணக்குத் தப்பும், சொன்னதையே திரும்பச் சொல்வான். உங்கள் நாயகன் தவறு செய்ய வேண்டிய இடம் இதுதான்.

துளையைக் கண்டுபிடிக்க ஒரு நூலிழையைச் சுவரோரம் பிடித்து நகர்த்தினால் போதும், துளை இருக்கும் பக்கம் இழுபடும். அடைப்பை உள்ளிருந்துதான் போட வேண்டும். 1 சதுர செ.மீ. மேல் ஒரு கிலோ எடையளவு விசைதான் என்பதால் ரப்பர் துண்டும் தகரத் தட்டும் தானாகவே அழுந்தி நிற்கும். வெளியிலிருந்து ஒட்டினால் காற்று பிய்த்துத் தள்ளிவிடும்.

கரிக்கணக்கு:
துளையை அடைத்த பிறகும் கதைக்குத் தீனி இருக்கிறது. ஒருவருக்கு நாளுக்கு 0.84 கிலோ ஆக்சிஜன் வேண்டும். 40 பேருக்குச் சுமார் 34 கிலோ. 38 லிட்டர் தண்ணீரை மின்னாற்பகுப்பு செய்தால் கிடைத்துவிடும். ஆளைப் படுத்துவது கரியமில வாயு. 10 கன மீட்டர் அறையில் இருவரை அடைத்தால் ஏழு மணி நேரத்தில் 3 சதவீதத்தைத் தொடும், தலைவலியும் மூச்சிரைப்பும் தொடங்கும். அப்போதும் ஆக்சிஜன் 17 சதவீதம் இருக்கும்.

அந்தக் கரியமில வாயுவை உறிஞ்ச, ஒருமுறை மட்டுமே பயன்படும் லித்தியம் ஹைட்ராக்சைடு என்றால் 40 பேருக்கு நாளுக்கு 44 கிலோ. கப்பல் 26 மாதத்துக்கு ஒருமுறைதான் வரும் என்பதால் 34 டன் கையிருப்பு வேண்டும், அது நடக்காது. சூடாக்கினால் வாயுவைக் கக்கிவிட்டு மறுபடி உழைக்கும் உறிஞ்சியை வையுங்கள். அந்த ஹீட்டர் கம்பி அறுவது அருமையான இரண்டாம் அத்தியாயம். 1970-இல் அப்போலோ 13 நிலவுப் பயணத்தில், இணைந்து சென்ற இரு கலங்களில் ஒன்றின் உறிஞ்சிப் பெட்டி சதுரம், மற்றதன் பொருத்துவாய் வட்டம். அப்படியொரு பொருந்தாமையும் இங்கே எடுபடும்.

பழையவானம்:
முகமூடி பற்றி: 1965-இல் மரினர் 4 விண்கலம் போகும்வரை செவ்வாயின் காற்றழுத்தம் 85 மில்லிபார் அளவு (பூமியினதில் சுமார் பன்னிரண்டில் ஒரு பங்கு) என்றே பலரும் நம்பினார்கள். அது 63-க்கு மேல் என்பதால் உடல் வெப்பத்தில் நீர் கொதிக்காது. ஆனால் நுரையீரலில் நீராவியே 63-ஐ எடுத்துக்கொள்ளும், ஆக்சிஜனுக்கு மிஞ்சுவது 22. சுத்த ஆக்சிஜன் கொடுத்தாலும் ஆள் பிழைக்கமாட்டான். பாணிக்காக 85-ஐ வைத்துக்கொள்ளுங்கள், அழுத்த உடையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

வால்வுரேடியோ:
நன்றி. தாழ்வாரத்திலிருந்து மற்றவர்கள் கதவைத் திறந்து உள்ளே வரலாமா?

அழுத்தமானி:
கதவு தாழ்வாரப் பக்கம் திறப்பதாக இருந்தால் முடியாது. 1 மீட்டருக்கு 2 மீட்டர் கதவில் பாதி வளிமண்டல வித்தியாசம் என்றாலே 10 டன். கதவில் 2 செ.மீ. விட்டமுள்ள ஒரு சமன் வால்வு (இரு பக்க அழுத்தத்தையும் சமனாக்கக் காற்றை விடும் குழாய்) வையுங்கள், சமனாகக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். தாழ்வாரம் 200 கன மீட்டர் என்றால், துளை அடைபட்ட பின் வால்வைத் திறந்தால் இரண்டும் 0.83 வளிமண்டல அழுத்தத்தில் நிற்கும், யாருக்கும் ஆபத்தில்லை. அடைக்காமலே திறந்தால் 300 கன மீட்டர் காற்றும் அந்த ஒரே துளை வழியே போகும். அழுத்தம் பாதியாக ஒரு மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம் கிடைக்கும், ஆனால் நாலு பேரின் ஆபத்து தாழ்வாரத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் ஆகிவிடும். வால்வின் கைப்பிடி தாழ்வாரப் பக்கம் இருக்கட்டும்.