உலர்த்தியும் சலவை இயந்திரமும் ஒரே வளையச் சுற்றில்: 32 ஆம்பியர் போதுமா?

சமையலறைக்காரி:
இங்கிலாந்தில் பழைய வீடொன்றில் குடியிருக்கிறோம். சமையலறை சாக்கெட்டுகள் எல்லாம் ஒரே வளையச் சுற்றில் (பிரேக்கர் பெட்டியில் கிளம்பி, சாக்கெட்டுகளைத் தொட்டுக்கொண்டு பெட்டிக்கே திரும்பும் கம்பி), 32 ஆம்பியர் பிரேக்கரில் இருக்கின்றன. சலவை இயந்திரமும் துணி உலர்த்தியும் ஓடும்போதே கெட்டிலையும் போடுகிறோம். பிரேக்கர் ஒருநாளும் விழுந்து மின்சாரம் நின்றதில்லை. ஆனால் அவை இரண்டையும் செருகியுள்ள இரட்டைச் சாக்கெட்டின் முகப்பு பழுப்பேறியிருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

செம்புக்கம்பி:
பிளக்குக்குள்ளேயே 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதே! அதுவும் போகவில்லை, பிரேக்கரும் விழவில்லை என்றால் பயமில்லை.

பழைய வயர்மேன்:
அங்கேதான் இடிக்கிறது, செம்புக்கம்பி. பிளக் ஃபியூஸ் காப்பது அந்தக் கருவியின் வயரை. சுவருக்குள் ஓடும் கம்பியை அல்ல.

கணக்குப் போடுவோம். கெட்டில் 3 கிலோவாட், 13 ஆம்பியர். உலர்த்தி ஏறத்தாழ 11, தண்ணீர் சுடும் நேரத்தில் சலவை இயந்திரம் 9.5. மொத்தம் 33.5. பிரேக்கர் இதற்கு அசையாது. 36 ஆம்பியர் வரை மணிக்கணக்கில் சும்மா இருக்கும். வளையம் முழுதாக இருந்தால் பாதகமில்லை, மின்னோட்டம் இரு பக்கமும் பிரிந்து வரும். எங்காவது ஒரு முனை கழன்றிருந்தால்? எல்லா சாக்கெட்டும் வழக்கம்போல் வேலை செய்யும். சுமை முழுவதும் ஒற்றை 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் ஏறும். சுவரில் திறந்தபடி பதித்தாலும் அதன் தாங்குதிறன் 27 ஆம்பியர்தான். வெப்பக்காப்புப் பஞ்சுக்குள் புதைந்திருந்தால் இன்னும் குறைவு. பிரேக்கர் விழாதது நற்சான்றிதழ் ஆகாது.

பழுப்பு வேறு கதை. இரட்டைச் சாக்கெட் என்றால் 26 ஆம்பியர் என்று பலர் நினைக்கிறார்கள். தரநிலைச் சோதனை மொத்தம் 20 ஆம்பியருக்குத்தான். அந்தச் சாக்கெட்டைப் பயன்படுத்துவதை இன்றே நிறுத்துங்கள். மாற்றும்போது இரண்டையும் தனித்தனிச் சாக்கெட்டில் செருகுங்கள்.

சமையலறைக்காரி:
நிறுத்திவிட்டேன். வளையம் அறுந்திருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

பழைய வயர்மேன்:
மின்பணியாளர் மின்சாரத்தைத் துண்டித்து, பிரேக்கர் பெட்டியில் வளையத்தின் இரு முனைகளையும் கழற்றி, கம்பியின் மின்தடையை ஓம் கணக்கில் அளந்து பார்ப்பார். 60 மீட்டர் வளையமென்றால் சுமார் 0.44 ஓம். நிலக்கம்பி (எர்த்) மெல்லியது, ஆகவே அதில் 1.67 மடங்கு வரும். அளவே வராவிட்டால் அறுந்திருக்கிறது. உடனே இடம் பிடிபடாவிட்டால் 20 ஆம்பியர் பிரேக்கருக்கு மாற்றச் சொல்லுங்கள். கெட்டில் போடும்போது அடிக்கடி விழும், பரவாயில்லை.