ஏரித் தண்ணி 85 டிகிரின்னு காட்டுது, உதவி

ஏரிக்காத்து: அவசரம். ஏரியில சென்சார் போட்டு மூணு வாரம் ஆச்சு. மணிக்கு ஒரு ரீடிங். 28, 28.5ன்னு ஒழுங்கா வருது, நடுவுல திடீர்னு 85. அடுத்த மணி மறுபடி 28. சென்சார் போச்சா?

நீரளவு: எந்த சென்சார்? ஒயர் எத்தனை மீட்டர்? பவர் எங்கிருந்து? எந்த ஏரி, எவ்வளவு ஆழத்துல கட்டியிருக்கீங்க?

சால்டர்: ரெசிஸ்டர்தான் பிரச்சினை. டேட்டா ஒயருக்கும் பிளஸுக்கும் நடுவுல 4.7 கே (கிலோ ஓம்) போடுங்க.

சர்க்யூட்சாமி: இதே கேள்வி எத்தனை தடவை வந்தாச்சு, தேடிப் பார்க்கவே மாட்டீங்களா? உங்களுது டிஎஸ்18பி20ங்கற வெப்பநிலை சென்சாரா இருந்தா, கரண்ட் வந்ததும் அதுக்குள்ள தானா உட்கார்ற மதிப்புதான் 85. ஒயர் விட்டுப்போனா -127 வரும். 85 வந்தா சென்சார் உயிரோட இருக்கு, அளந்து முடிக்கலன்னு அர்த்தம். 12 பிட்ல, அதாவது அதோட அதிகபட்ச நுணுக்கத்துல, அளக்க 750 மில்லிசெகண்ட் வேணும், உங்க புரோகிராம் காத்திருக்கல. டேட்டாஷீட் படிச்சுட்டு வாங்க.

நீரளவு: புரோகிராம் தப்புன்னா மணிக்கு மணி தப்பா வரணுமே. இவருக்கு எப்பவாவதுதான் வருது.

ஏரிக்காத்து: டிஎஸ்18பி20தான், ஒயர் 6 மீட்டர், 4.7 கே இருக்கு. புரோகிராம் 750 மில்லிசெகண்ட் காத்திருக்கு. வீராணம், மதகுப் படியில கட்டியிருக்கேன். 18650 லித்தியம் பேட்டரி ஒண்ணு. ரீடிங் எஸ்எம்எஸ்ல வரும்.

நீரளவு: எஸ்எம்எஸ்! அதான் விஷயம். எஸ்எம்எஸ் அனுப்புற மாடம் (மோடம்) சிம்800எல்தானே? டவரோட பேசும்போது 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். அந்த நொடியில பேட்டரி வோல்டேஜ் சரியும். சென்சாருக்கு 3 வோல்ட்டாவது வேணும். அளக்கிற நேரத்துல அதுக்குக் கீழ போனா ரீசெட் ஆகி 85 தரும். மாடத்தை ஆன் பண்றதுக்கு முன்னாடியே ரீடிங் எடுங்க. மாடத்தோட பவர் காலுக்குப் பக்கத்துலயே, வோல்டேஜ் சரியாம தாங்க 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், சென்சாருக்கு 0.1 மைக்ரோஃபாரட். சரியா 85.00 வந்தா அதைத் தூக்கிப்போட்டுட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்க. பழைய பதிவையும் சுத்தம் பண்ணணும்: 24 ரீடிங்ல ஒரே ஒரு 85 இருந்தாலும் அன்னைக்குச் சராசரி 2 டிகிரிக்கு மேல ஏறிடும்.

தூண்டில்: அதைவிடப் பெரிய தப்பு மதகுப் படியில கட்டினது. வீராணம் 47.50 அடி நிறைஞ்சிருக்கும்போது ஆழத்துல இருக்கிற சென்சார், தண்ணி இறங்க இறங்க மேல்மட்டத்துக்கு வந்துடும். நீர்மட்டம் மாறினதை வெயில் காலம்னு எழுதிடுவீங்க. 5 லிட்டர் காலி கேன்ல மிதக்கவிட்டு 1 மீட்டர் கீழ தொங்கவிடுங்க.

சர்க்யூட்சாமி: மிதவை காத்துல அலையும், ஒயர் அறுந்துடும். படியே போதும்.

தூண்டில்: நங்கூரக் கல் கட்டினா அலையாது. மீனுக்காக அளக்கறதுன்னா அடியில இன்னொண்ணும் வேணும். 20 டிகிரியில லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30ல 7.6தான். மத்தியானம் மேல சூடு, அடியில குளிர்னு தண்ணி அடுக்கடுக்கா நிக்கும், ராத்திரி கலந்துடும். ஒரே இடத்துல ஒரே நேரத்துல எடுத்த ரீடிங் பருவத்தைச் சொல்லாது.

நீரளவு: வடவாறு வந்து விழற பக்கமா வேண்டாம். அங்க கீழணையிலேருந்து வர்ற ஆத்துத் தண்ணியைத்தான் அளப்பீங்க. இன்னொண்ணு, நொறுக்கின ஐஸும் கொஞ்சம் தண்ணியும் பிளாஸ்க்ல போட்டு, கலக்கி, சென்சாரை 15 நிமிஷம் வச்சுப் பாருங்க. 0லேருந்து எவ்வளவு தள்ளி நிக்குதோ அதைக் குறிச்சு வச்சுக்கோங்க. நல்ல சென்சாரே அரை டிகிரி முன்னப்பின்ன காட்டும்.

சால்டர்: நான் இப்பவும் ரெசிஸ்டர்னுதான் சொல்வேன். 2.2 கே போட்டுப் பாருங்க.

ஏரிக்காத்து: மாடத்துக்கு முன்னாடி ரீடிங் எடுத்தேன், கெபாசிட்டரும் போட்டாச்சு. நாலு நாளா 85 இல்ல. நன்றி.

தூண்டில்: மிதவை போட்டீங்களா?